தலைமை ஆசிரியர் இல்லாத நாளிதழ்: ஃபிராங்க்ஃபர்ட்டின் எஃப்.ஏ.இசட். பற்றிப் பேசலாம்

முதல்பக்கம் எழுதியது:

ஜெர்மன் பத்திரிகைகள் என்று பேச்செடுத்தால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது டெர் ஸ்பீகல், இல்லாவிட்டால் பில்ட். ஒன்று வார இதழ், மற்றது பரபரப்புத் தாள். அங்கே வங்கி மேலாளர்களும் நீதிபதிகளும் பேராசிரியர்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலையில் விரித்துப் படிக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டர் அல்கெமைன சைட்டுங் பற்றித் தமிழில் சேர்ந்தாற்போல் நாலு பத்தி நான் பார்த்ததில்லை. சுருக்கமாக எஃப்.ஏ.இசட். என்பார்கள்.

முதல் இதழ் வந்தது 1949 நவம்பர் 1. மேற்கு ஜெர்மனி என்ற நாடு பிறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. போர் முடிந்ததிலிருந்து நேச நாடுகளின் ராணுவ நிர்வாகம் உரிமம் கொடுத்தால்தான் அங்கே பத்திரிகை நடத்த முடியும். அந்தக் கட்டுப்பாடு 1949 செப்டம்பரில் நீங்கியது. சில வாரங்களிலேயே இவர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். தொடங்கியவர்கள் ஐந்து பேர்: ஹான்ஸ் பௌம்கார்ட்டன், எரிக் டொம்ப்ரோவ்ஸ்கி, கார்ல் கோர்ன், பவுல் சேத்தே, எரிக் வெல்ட்டர். இவர்களில் பலர் மைன்ஸ் நகரத்தில் வந்துகொண்டிருந்த அல்கெமைன சைட்டுங்கிலிருந்து வந்தவர்கள்.

என்னைக் கவர்ந்த விஷயம் அதன் நிர்வாகம். அங்கே தலைமை ஆசிரியர் என்ற பதவியே கிடையாது. வெளியீட்டாசிரியர்கள் என்று சிலர் கூட்டாக உட்கார்ந்து பத்திரிகையை நடத்துகிறார்கள். ஒருவர் அரசியலைப் பார்ப்பார், ஒருவர் பொருளாதாரத்தை, ஒருவர் கலை இலக்கியத்தை. ஒருவருக்கு மற்றவர் மேலதிகாரி இல்லை. ஒருவரைச் சேர்ப்பதும் நீக்குவதும் கூட்டு முடிவு.

இந்தப் பத்திரிகை வலதுசாரி என்பதை அதன் தலையங்கங்களே சொல்லிவிடும். ஆனால் அது தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு இத்தனை காலம் எப்படி நின்றது என்பதற்கு இந்தக் கூட்டு அமைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.


மைன்கரை எழுதியது:

நல்ல இழை. நான் பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில கனகாலமா இருக்கிறன். வேலை செய்யிற இடத்தில இந்தப் பேப்பர் ஒவ்வொரு நாளும் வரும். ஜேர்மன் ஒழுங்காப் பிடிபட்ட பிறகுதான் இதை வாசிக்கத் துணிஞ்சனான். வசனங்கள் நீளம், வினைச்சொல் கடைசியில வரும் வரைக்கும் மூச்சுப் பிடிக்க வேணும்.

ஒரு விசயத்தை முதலிலேயே தெளிவாக்க வேணும். இஞ்ச இருக்கிற ஜேர்மன்காரரிலேயே கனபேர் இதையும் பழைய பிராங்பேர்ட்டர் சைட்டுங்கையும் ஒண்டெண்டு நினைக்கினம். பேர் கிட்டத்தட்ட ஒண்டு, நகரம் ஒண்டு, ஆக்களிலும் சிலர் ஒண்டு. ஆனா சட்டப்படி அது வேற, இது வேற. அந்தப் பழைய பேப்பரின்ர கதை தெரியாமல் இதை விளங்கிக்கொள்ள ஏலாது. வரலாறு தெரிஞ்ச ஆக்கள் அதை எழுதினால் நல்லம்.


வரலாற்றுக்காரி எழுதியது:

எழுதுகிறேன். அந்தப் பழைய பத்திரிகையின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு.

ஃபிராங்க்ஃபர்ட்டர் சைட்டுங்கை 1856-ல் தொடங்கியவர் லியோபோல்ட் சோனெமன், யூதக் குடும்பத்தில் பிறந்த வங்கியாளர், தாராளவாத ஜனநாயகவாதி. பங்குச் சந்தைச் செய்தித்தாளாகப் பிறந்து, ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க்கை எதிர்த்து எழுதும் அரசியல் ஏடாக அது வளர்ந்தது. 1920-களில் அதன் கலை இலக்கியப் பக்கங்களில் எழுதியவர்களைப் பாருங்கள்: நாவலாசிரியர் யோசப் ரோத், திரைப்பட விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவர், தத்துவச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமின். ஒரே நாளிதழில் இந்த மூன்று பேரும் எழுதிய காலம் என்றால் அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

1933-க்குப் பிறகு யூத ஆசிரியர்களும் உரிமையாளர் குடும்பமும் வெளியேற்றப்பட்டார்கள். பத்திரிகை மட்டும் தொடர்ந்து வந்தது. வெளிநாட்டில் மதிப்பிருந்த பெயர் அது, ஆட்சிக்கு அது தேவைப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் வரிகளுக்கிடையே எழுதப் பழகினார்கள். அது எதிர்ப்பா, அலங்காரமா என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. 1943-ல் ஹிட்லரின் பழைய வழிகாட்டி டீட்ரிக் எக்கார்ட் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு கட்டுரை வந்தது. ஹிட்லர் சீறினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 கடைசி இதழ்.

ஆறு ஆண்டு கழித்து எஃப்.ஏ.இசட். வந்தபோது அந்தப் பத்திரிகையில் பழகிய சிலர் இதில் சேர்ந்தார்கள். நடையும் கனமும் அங்கிருந்து வந்தவை. அரசியல் அங்கிருந்து வரவில்லை. சோனெமனின் பத்திரிகை இடதுசாரித் தாராளவாதம், இது ஆரம்பத்திலிருந்தே வலது பக்கம் நின்றது. வாரிசு என்று சொல்லிக்கொள்ளும்போது இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது.


சிவப்புமை எழுதியது:

முதல்பக்கம் அமைப்பைப் பற்றிச் சொல்கிறார். நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1949-ல் ஒரு நாளிதழ் தொடங்கக் காசு எங்கிருந்து வந்தது? சந்தைப் பொருளாதாரத்துக்கு ஆதரவு திரட்ட 1947-ல் தொழிலதிபர்கள் சேர்ந்து அமைத்த பொருளாதார அரசியல் சங்கம் ஒன்று பின்னால் நின்றது. அன்றைக்குப் பொருளாதார அமைச்சராக வந்த லுட்விக் எர்ஹார்டின் கொள்கைக்கு ஒரு கனமான குரல் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எரிக் வெல்ட்டர் அந்தக் குரலை முப்பது ஆண்டு காத்தார். பொருளாதாரப் பக்கத்தில் கருத்துச் சண்டை எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி பவுல் சேத்தே. தொடங்கிய ஐவரில் ஒருவர், அரசியல் பகுதிக்குப் பொறுப்பு. 1952 மார்ச்சில் ஸ்டாலின் ஒரு குறிப்பு அனுப்பினார்: ஜெர்மனி ஒன்று சேரட்டும், ஆனால் எந்த ராணுவக் கூட்டிலும் சேராமல் நடுநிலையாக இருக்கட்டும் என்று. அன்றைய மேற்கு ஜெர்மன் பிரதமர் அடெனவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதைச் சோதித்தாவது பார்க்க வேண்டும் என்றார் சேத்தே. மேற்கு நாடுகளோடு ஒட்டிக்கொள்ளும் அடெனவர் பாதை நாட்டை நிரந்தரமாகப் பிளந்துவிடும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1955-ல் அவர் வெளியே. பத்து ஆண்டு கழித்து, 1965-ல், டெர் ஸ்பீகலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன வாக்கியம் ஜெர்மனியில் இன்றும் எல்லோர் வாயிலும் உண்டு: பத்திரிகைச் சுதந்திரம் என்பது 200 பணக்காரர்கள் தங்கள் கருத்தைப் பரப்பும் சுதந்திரம்.

இதை எழுதியவர் இடதுசாரி இல்லை. பழமைவாதி. இந்தப் பத்திரிகையை நிறுவியவர்களில் ஒருவர். உங்கள் கூட்டு அமைப்பு அவரைக் காப்பாற்றவில்லையே?


முதல்பக்கம் எழுதியது:

காப்பாற்றவில்லை, உண்மை. ஆனால் சேத்தே போனதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1959-ல் ஓர் அறக்கட்டளை உருவானது. பின்னாளில் அதற்கு ஃபாசிட் என்று பெயர். பத்திரிகை நிறுவனத்தின் பங்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அதன் கையில் வந்தது. அதற்கென்று தனி முதலாளி இல்லை, லாபத்தைப் பங்கு பிரித்து வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு குடும்பமும் இல்லை.

இதே காலத்தில் டி வெல்ட் என்ற நாளிதழுக்கு என்ன ஆனது? 1946-ல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் தொடங்கிய பத்திரிகை அது. 1953-ல் ஆக்ஸல் ஸ்ப்ரிங்கர் வாங்கினார். அதன் பிறகு முதலாளியின் மனம் எப்படியோ பத்திரிகை அப்படி. கிழக்கு ஜெர்மனியின் பெயரை 1989 வரை மேற்கோள் குறிக்குள் போட்டே அச்சடித்தார்கள், அப்படி ஒரு நாடு இருப்பதை ஒப்புக்கொள்ளவில்லை என்று காட்ட. இரண்டுமே வலதுசாரிப் பத்திரிகைகள்தான். ஒன்றில் ஒருவர் முடிவெடுத்தார், மற்றதில் ஐந்து பேர் வாதாடினார்கள். இந்த வேறுபாடு சிறியது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.


கேள்விக்குறி எழுதியது:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் இதழியல் படிக்கிறேன். ஒரு அடிப்படைச் சந்தேகம். பழமைவாதப் பத்திரிகை என்கிறீர்கள். அது கட்சிப் பத்திரிகையா? அடெனவரின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு இதில் பங்கு உண்டா?


வரலாற்றுக்காரி எழுதியது:

கட்சிக்குப் பங்கு இல்லை, கேள்விக்குறி. கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் ஜெர்மனியில் பழமைவாதப் பத்திரிகை என்றால் முன்பு வேறு மாதிரி இருந்தது.

1848 புரட்சி வெடித்த அதே ஆண்டில், அதற்கு எதிராக பெர்லினில் நோயெ ப்ரொய்சிஷெ சைட்டுங் தொடங்கியது. தலைப்பின் நடுவே இரும்புச் சிலுவை இருந்ததால் எல்லோரும் சிலுவைப் பத்திரிகை என்றே அழைத்தார்கள். மன்னர், லுத்தரன் திருச்சபை, நிலப்பிரபுக்கள், இந்த மூன்றுக்கும் அது வாய். தொடக்க காலத்தில் இளம் பிஸ்மார்க்கே அதில் எழுதினார். பின்னால் அதே பத்திரிகை 1875-ல் அவருடைய யூத வங்கியாளரைக் குறிவைத்து வெறுப்புக் கட்டுரைகளை வெளியிட்டபோது, 1876 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் எழுந்து அதை யாரும் வாங்கக் கூடாது என்றார். நூற்றுக்கணக்கான பிரபுக்கள் பத்திரிகையின் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அப்படி ஓர் உறுதி! 1890-களில் அதன் ஆசிரியர் ஹாமர்ஸ்டைன் பண மோசடியில் சிக்கி, நாட்டை விட்டு ஓடி, ஏதென்ஸில் பிடிபட்டுச் சிறை போனார். அந்த அடியிலிருந்து அதன் பெயர் மீளவில்லை. 1939-ல் மூடினார்கள்.

நாவலாசிரியர் தியோடர் ஃபோன்டான 1860 முதல் பத்தாண்டு அங்கே வேலை பார்த்தார். இங்கிலாந்துப் பகுதி அவர் பொறுப்பு. லண்டன் நிருபர் எழுதியதுபோல வந்த கடிதங்களை அவர் பெர்லின் மேசையில் உட்கார்ந்து, ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்து எழுதினார். இதழியல் மாணவர் என்றதால் இதைச் சேர்த்தேன்.

எஃப்.ஏ.இசட். வகைப் பழமைவாதத்தில் மன்னரும் இல்லை, திருச்சபையின் ஆணையும் இல்லை. சந்தைப் பொருளாதாரம், மேற்கு நாடுகளோடு உறவு, அரசியல் சட்டத்தின் மேல் பற்று, பல்கலைக்கழகப் படிப்பின் மேல் மரியாதை. 1979 மே 23 அன்று, நாட்டின் அரசியல் சட்டத்துக்கு முப்பது வயது நிறைந்த நாளில், டோல்ஃப் ஷ்டெர்ன்பெர்கர் இந்தப் பத்திரிகையில் அரசியல்சட்ட தேசபக்தி என்ற கருத்தை முன்வைத்தார். இனம், மண், மொழி என்று பேசி அழிந்த நாட்டில், மக்கள் பெருமைப்பட வேண்டியது தங்கள் சுதந்திரத்தைக் காக்கும் சட்டத்தைப் பற்றி என்றார். பின்னாளில் ஹேபர்மாஸ் போன்ற இடதுசாரிச் சிந்தனையாளர் இதை எடுத்துக்கொண்டு பேசினார். பிறந்தது வலதுசாரித் தாளில். ஷ்டெர்ன்பெர்கர் பழைய ஃபிராங்க்ஃபர்ட்டர் சைட்டுங்கில் வேலை பார்த்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.


அச்சகம் எழுதியது:

நான் பக்க வடிவமைப்பு வேலையில் இருப்பவன். அரசியலை நீங்கள் பாருங்கள், எனக்கு முதல் பக்கம் போதும்.

எஃப்.ஏ.இசட். தலைப்பு பழைய ஜெர்மன் முறிவெழுத்தில், அதாவது ஃபிராக்டூர் என்ற கூர்முனை எழுத்தில் இருக்கும். கீழே ஜெர்மனிக்கான நாளிதழ் என்று ஒரு வரி. பத்திரிகை தொடங்கியபோது நாடு இரண்டாகக் கிடந்தது. மேற்கு ஜெர்மனிக்கான நாளிதழ் என்று போடவில்லை, கவனியுங்கள். அந்த ஒரு வரியில் அவர்கள் அரசியல் முழுக்க இருக்கிறது.

2007 அக்டோபர் 5 வரை அதன் முதல் பக்கத்தில் படமே வழக்கம் இல்லை. எழுத்து, எழுத்து, எழுத்து. மிக அபூர்வமாகத்தான் படம் ஏறும், 2001 செப்டம்பர் 12 போன்ற ஒரு நாளில். தொலைக்காட்சி வந்து, வண்ண அச்சு வந்து, உலகத்தில் அத்தனை நாளிதழும் படத்துக்கு மாறிய பிறகும் இவர்கள் அசையவில்லை. முதல் பக்கக் கருத்துரைகளின் தலைப்புகளும் அதே முறிவெழுத்தில்தான் இருந்தன. 2007 மாற்றத்தில் அந்தத் தலைப்புகள் சாதாரண எழுத்துக்குப் போயின, முதல் பக்கத்துக்கு வண்ணப்படம் வந்தது, பத்திரிகையின் பெயர் மட்டும் பழைய எழுத்தில் நின்றது. வாசகர்கள் கொந்தளித்தார்கள். அந்தக் கொந்தளிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. படம் இல்லாத பக்கத்தைக் கட்டுவது சாதாரண வேலை இல்லை. தலைப்பின் அளவு, பத்தியின் அகலம், வெள்ளை இடம் என்று எதை எடுத்தாலும் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. எது முக்கியச் செய்தி என்ற முடிவு வாசகர் கண்ணில் நேராகப் படும்.

இன்னொன்று, எழுத்திலக்கணச் சீர்திருத்தம். 1990-களின் கடைசியில் ஜெர்மன் மொழியின் எழுத்து விதிகளை அரசு மாற்றியது. 1999-ல் பத்திரிகைகள் எல்லாம் மாறின, எஃப்.ஏ.இசட்.டும் மாறியது. ஒரே ஆண்டுதான். 2000 ஆகஸ்ட் 1 அன்று பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள், தனியாக! அரசு விதிகளைத் திருத்தி, சமரசம் ஏற்பட்டு, 2007 ஜனவரியில்தான் புதிய முறையை ஏற்றார்கள், அதிலும் தங்களுக்கென்று சில விதிவிலக்குகளோடு. மொழி மக்களுடையது, அமைச்சகம் அதில் கை வைக்கக் கூடாது என்ற நிலைப்பாடு அது. இதில் நான் அவர்கள் பக்கம்.


சிவப்புமை எழுதியது:

அச்சகம் சொல்வது சுவையாக இருக்கிறது. ஆனால் முறிவெழுத்தின் அழகில் நின்றுவிட்டால், அந்த எழுத்துக்கு அடியில் யார் எழுதினார்கள் என்பது மறைந்துபோகும்.

கலை இலக்கியப் பகுதியை நிறுவிய கார்ல் கோர்ன் 1940-ல் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் வார இதழான டாஸ் ரைக்கில் வேலை பார்த்தவர். யூத வெறுப்புப் படமான யூத் சூஸைப் பாராட்டி அங்கே எழுதினார். 1950-களின் கடைசியில் இது வெளியே வந்து நீதிமன்றம் வரை போனது. அவர் பதவியில் தொடர்ந்தார். இலக்கியப் பக்கத்தை 1956 முதல் 1964 வரை நடத்திய ஃப்ரீட்ரிக் சீபர்க், போர்க்காலத்தில் பாரிஸ் ஜெர்மன் தூதரகத்தில் பணியாற்றியவர். அழகான நடைக்காரர், மறுக்கவில்லை.

அன்றைய மேற்கு ஜெர்மனியில் நீதிமன்றம், பல்கலைக்கழகம், அமைச்சகம் எங்கும் இதே நிலைதான், தெரியும். ஆனால் பேராசிரியர்களும் நீதிபதிகளும் நம்பிப் படித்த பத்திரிகை அந்தப் பேராசிரியர்களையும் நீதிபதிகளையும் பற்றிக் கேள்வி கேட்கத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.


மைன்கரை எழுதியது:

சிவப்புமை சொன்னது சரி. அதே இலக்கியப் பக்கத்துக்கு 1973-ல பொறுப்பா வந்தவர் ஆர் எண்டும் பாருங்கோ. மார்சல் ரைக்-ரனிக்கி. இந்தப் பேப்பரின்ர கதையில என்னை ஆகத் தொட்டது அவற்ர கதைதான். நீட்டி எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

போலந்தில பிறந்து பெர்லினில வளந்த யூதப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில ஜேர்மன் இலக்கியத்தில மூழ்கினவர். 1938-ல பிடிச்சு போலந்துக்குத் துரத்திச்சினம். யூதர்களை அடைச்சு வைச்சிருந்த வார்சோ கெட்டோவில மொழிபெயர்ப்பாளரா இருந்தார். 1942 யூலை 22, அங்க இருந்த யூதர்களை வெளியேற்றுற உத்தரவை நாஜிகளின்ர எஸ்.எஸ். படை அதிகாரி வாசிக்க, அதை எழுதியெடுத்த ஆள் இவர். தாய் தகப்பன் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில கொல்லப்பட்டினம். இவரும் மனைவி தோஸியாவும் 1943-ல தப்பி, வார்சோவுக்கு வெளியில ஒரு போலந்துக் குடும்பத்தின்ர வீட்டில ஒளிச்சிருந்து உயிர் பிழைச்சினம். 1958-ல மேற்கு ஜேர்மனிக்கு வந்தார். எந்த மொழியில தன்ர சனத்தைக் கொல்லுற உத்தரவை எழுதினாரோ, அதே மொழியின்ர இலக்கியத்துக்குத் தீர்ப்புச் சொல்லுற ஆளா வந்தார்.

அவரை இந்தப் பேப்பருக்குக் கொண்டு வந்தது யோவாகிம் ஃபெஸ்ட், ஹிட்லரின்ர வாழ்க்கை வரலாற்றை எழுதின வரலாற்றாசிரியர், அந்தக் காலம் புது வெளியீட்டாசிரியர். வலதுசாரிப் பேப்பர் ஒண்டு கெட்டோவில இருந்து வந்த ஆளுக்கு இலக்கியப் பக்கம் முழுவதையும் கையில குடுத்தது. ஒருத்தரும் குறுக்க நிக்கேல்லை. இடதுசாரி எழுத்தாளர்களை எல்லாம் கூப்பிட்டு எழுத வைச்சார். 1974-ல பிராங்பேர்ட் தொகுப்பு எண்ட தொடரைத் தொடங்கினார்: கிழமைக்கு ஒரு கவிதை, பக்கத்தில அதைப் பற்றி ஒரு கட்டுரை. 2013-ல அவர் செத்த பிறகும் அது நிக்கேல்லை. ஒரு நாளிதழ் இவ்வளவு காலம் கவிதைக்கு இடம் குடுத்ததெண்டால் அது சும்மா விசயமில்லை.

ஃபெஸ்ட்டின்ர ஹிட்லர் புத்தகம் வெளிவந்த விருந்துக்கு 1973-ல ரைக்-ரனிக்கியும் மனைவியும் போச்சினம். அங்க மரியாதைக்குரிய விருந்தாளியா நிண்டது ஆல்பர்ட் ஷ்பேயர், ஹிட்லரின்ர ஆயுத அமைச்சர். இதை ரைக்-ரனிக்கி பிறகு தன்ர வாழ்க்கைக் கதையில எழுதினார். அப்பவே ஒரு கீறல் விழுந்திருக்கு. அது வெடிச்சது 1986-ல. அதை வரலாற்றுக்காரி எழுதட்டும்.


வரலாற்றுக்காரி எழுதியது:

1986 ஜூன் 6. வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் நோல்ட்டேயின் கட்டுரையை எஃப்.ஏ.இசட். வெளியிட்டது. கடந்துபோக மறுக்கும் கடந்தகாலம் என்ற பொருளில் தலைப்பு. சோவியத்தின் குலாக் தடுப்பு முகாம்கள் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு முந்தியவை அல்லவா, நாஜிகள் செய்தது அந்த ஆசிய வன்முறைக்கு அஞ்சிச் செய்த எதிர்வினையாக இருக்கலாமே என்பது அவர் எழுப்பிய கேள்வி. கேள்வி வடிவில் இருந்தாலும் அதன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது படித்தவர்களுக்குத் தெரிந்தது. ஜூலை 11 அன்று டி சைட் வார இதழில் ஹேபர்மாஸ் பதில் எழுதினார்: இது ஜெர்மானியக் குற்றத்தைக் கரைக்கும் முயற்சி என்று. அதற்குப் பிறகு பல மாதங்கள் நாட்டின் வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் பத்திரிகைகளில் மோதினார்கள். வரலாற்றாசிரியர் சண்டை என்றே அதற்குப் பெயர்.

எஃப்.ஏ.இசட். இதில் வெறும் மேடை இல்லை. ஆகஸ்ட் கடைசியில் ஃபெஸ்ட்டே நோல்ட்டேக்கு ஆதரவாக நீண்ட கட்டுரை எழுதினார். நோல்ட்டே கேட்க உரிமை உள்ளவர் என்பதோடு நிற்கவில்லை, ஒப்பீட்டில் நியாயம் உண்டு என்ற வரைக்கும் போனார்.

அதே அலுவலகத்தில் இலக்கியப் பகுதியில் ரைக்-ரனிக்கி. அவரை அங்கே கொண்டுவந்து, யாரும் தொடாமல் காத்தவர் ஃபெஸ்ட். இருவரின் நட்பு அத்துடன் முறிந்தது. 1988 வரை அவர் பதவியில் இருந்தார். தன்வரலாற்றில் ஃபெஸ்ட்டுக்குப் பட்ட நன்றியையும் அவரால் பட்ட காயத்தையும் சேர்த்தே எழுதினார், ஒன்றை வைத்து மற்றதை அழிக்கவில்லை.

நோல்ட்டேயை வெளியிட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஃபெஸ்ட் தன் பெயரையும் பதவியையும் அதன் மேல் வைத்தது தவறு என்று சொல்வேன்.


முதல்பக்கம் எழுதியது:

வரலாற்றுக்காரி எழுதியதற்கு நன்றி. ரைக்-ரனிக்கி பற்றிய பகுதியை மூன்று முறை படித்தேன்.

இதன் தொடர்ச்சி ஒன்று உண்டு. ஃபெஸ்ட் ஓய்வுபெற்ற பின் 1994-ல் அவர் இடத்துக்கு வந்தவர் ஃப்ராங்க் ஷிர்மாகர், வயது 34. 2002-ல் நாவலாசிரியர் மார்ட்டின் வால்சர் ஒரு நாவலைத் தொடராக வெளியிடத் தந்தார். அதில் வரும் விமர்சகர் ரைக்-ரனிக்கியைப் பார்த்து வார்த்த பாத்திரம். ஷிர்மாகர் மறுத்தார். யூத வெறுப்பின் பழைய அச்சுகள் இதில் இருக்கின்றன, இதை வெளியிடமாட்டோம் என்று தன் பத்திரிகையிலேயே வால்சருக்குத் திறந்த கடிதம் எழுதினார். வால்சர் அந்தப் பத்திரிகையின் நெருங்கிய எழுத்தாளர். 1986-க்கான கணக்கை அந்தக் கடிதம் தீர்த்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அதே நாற்காலியிலிருந்து வந்தது அது.

ஷிர்மாகர் வேறொரு விதத்திலும் பத்திரிகையைத் திருப்பினார். மனித மரபணுத் தொகுதி படிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்த மறுநாள், 2000 ஜூன் 27, கலை இலக்கியப் பக்கங்களில் கட்டுரைகளை எடுத்துவிட்டு ஏ, ஜி, சி, டி என்ற நான்கு எழுத்துகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்டார். ஒருவராலும் படிக்க முடியாத பக்கங்கள். ஆனால் இனி அறிவியல்தான் கலாச்சாரத்தின் மையக் கேள்வி என்று அதைவிடப் பலமாகச் சொல்லியிருக்க முடியாது. 2006 ஆகஸ்டில் நாவலாசிரியர் குந்தர் கிராஸ் தான் 17 வயதில் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை முதன்முதலாகச் சொன்னது இந்தப் பத்திரிகையின் பேட்டியில். 2011-ல், நிதி நெருக்கடிக்கு நடுவே, இடதுசாரிகள் சொன்னது சரியோ என்று நினைக்கத் தொடங்கியிருக்கிறேன் என்ற தலைப்பில் ஷிர்மாகர் ஞாயிறு இதழில் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில், குடிமக்களின் கணினிகளை உளவு பார்க்க அரசு பயன்படுத்திய நிரலை ஹேக்கர் அமைப்பு ஒன்று பிடித்துக் கொடுக்க, அந்த நிரலையே ஞாயிறு இதழில் அச்சிட்டார்கள்.

ஒரே கட்டடத்தில் பொருளாதாரப் பக்கம் சந்தையைப் புகழ்ந்துகொண்டிருந்தது, கலைப் பக்கம் சந்தையைக் கேள்வி கேட்டது. தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்காது. என் வாதம் இதுதான். 2014-ல், 54 வயதில், அவர் இறந்தார். அந்தப் பக்கங்களில் அந்த வேகம் பிறகு இல்லை.


சிவப்புமை எழுதியது:

ஷிர்மாகரை மறுக்க முடியாது. ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சேத்தேவை 1955-ல் நீக்கினார்கள். 1970-ல் யூர்கன் டெர்ன். அவரும் வெளியீட்டாசிரியர், அரசியல் பகுதி. பிரதமர் வில்லி ப்ராண்ட் கிழக்கு ஐரோப்பிய கம்யூனிஸ்ட் நாடுகளோடு உறவைச் சீராக்கப் போனபோது அதற்கு இணக்கமான தொனியில் எழுதினார். அவரும் வெளியே. உள்ளே பெரிய கொந்தளிப்பு நடந்தும் முடிவு மாறவில்லை.

இரண்டு நீக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே கிழக்கோடு பேசலாமா என்ற ஒரே கேள்வியில் நடந்தவை. 1986-ல் ஃபெஸ்ட்டுக்கு எதுவும் நடக்கவில்லை. 2011-ல் ஷிர்மாகருக்கும் எதுவும் நடக்கவில்லை. அதாவது கலைப் பகுதியில் என்ன சொன்னாலும் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அது நாட்டின் திசையைத் தீர்மானிக்கும் இடம் இல்லை என்று நினைத்தார்கள். அரசியல் பக்கத்தில் ஒருவர் கோட்டைத் தாண்டியபோது அதே கூட்டு அமைப்பு ஒன்றுகூடி அவரை நீக்கியது. சுதந்திரம் இருந்த இடம் எது, இல்லாத இடம் எது என்று பிரித்துப் பேசினால் நான் உங்களோடு உடன்படுவேன்.

இன்னொரு விஷயம். 1949 முதல் பத்திரிகை தன் 70-வது ஆண்டை எட்டிய 2019 வரை அந்த வெளியீட்டாசிரியர் குழுவில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. தாங்களே தங்களுக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் குழு, தங்களைப் போன்றவரையே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருக்கிறது.


முதல்பக்கம் எழுதியது:

டெர்னையும் சேத்தேவையும் இப்படிப் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. பலமான வாதம். பெண்கள் பற்றிய புள்ளிக்கு என்னிடம் எந்தப் பதிலும் இல்லை, அது அந்தப் பத்திரிகையின் பெரிய குறை.

ஆனால் கலைப் பகுதி நாட்டின் திசையைத் தீர்மானிக்காத இடம் என்பதை ஏற்கமாட்டேன். அரசியல்சட்ட தேசபக்தி, வரலாற்றாசிரியர் சண்டை, கிராஸின் வாக்குமூலம், அரசின் உளவு நிரல்: ஜெர்மனி தன்னைப் பற்றி நடத்திய பெரிய வாதங்களில் எத்தனை அந்தத் தாளில் வெடித்திருக்கின்றன பாருங்கள்! அவற்றில் பாதிக்கு மேல் கலைப் பகுதியில் நடந்தவை.


கேள்விக்குறி எழுதியது:

இப்போது நிலைமை என்ன? அறக்கட்டளை இருப்பதால் பணக் கஷ்டம் இல்லையா?


மைன்கரை எழுதியது:

தம்பி, கஷ்டம் வந்தது, நல்லா வந்தது. 2000 வரைக்கும் சனிக்கிழமைப் பேப்பரைத் தூக்க ஏலாது, அவ்வளவு கனம். உள்ளுக்கு முழுக்க வேலை விளம்பரம். மேலாளர், பொறியியலாளர், பேராசிரியர் பதவி எல்லாம் இதிலதான் வரும். அந்தக் காசில உலகம் முழுக்க நிருபர் வைச்சிருந்தவை. 2001-ல பொருளாதாரம் சரிஞ்சது, விளம்பரம் இணையத்துக்குப் போச்சு. அதே வருசம் செப்டம்பர் கடைசியில நாடு முழுக்க ஞாயிறு இதழைத் தொடங்கியிருந்தினம், செலவு தலைக்கு மேல. பெர்லினுக்கெண்டு நல்லா எழுதிக்கொண்டிருந்த தனிப் பக்கங்களை 2002-ல மூடிச்சினம். ஆட்குறைப்பும் நடந்தது.

அப்ப விற்பனை 4 லட்சம் அளவு. இப்ப அதில பாதி மட்டில, அதிலையும் கனபேர் மின்னிதழ்.

2012 கடைசியில இந்த நகரத்தின்ர இடதுசாரிப் பேப்பர் பிராங்பேர்ட்டர் ருண்ட்ஷவ் முறிஞ்சு போச்சு. 1945 ஆகஸ்டில, அமெரிக்கர் தங்கட பகுதியில முதல் முதல் உரிமம் குடுத்த பேப்பர் அது. 2013-ல அதை வாங்கினது ஆர் தெரியுமோ? எஃப்.ஏ.இசட். தரப்பு. அரசியலில எதிரி, ஆனா ருண்ட்ஷவின்ர இடதுசாரிக் குரலை மாத்தேல்லை. 2018-ல வேற நிறுவனத்துக்கு வித்திச்சினம்.


சிவப்புமை எழுதியது:

ருண்ட்ஷவை விழுங்காமல் விட்டது அவர்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதை நான் எப்போதும் சொல்வேன்.


அச்சகம் எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. அவர்கள் விளம்பர வரி: இதன் பின்னால் எப்போதும் ஒரு கெட்டிக்காரத் தலை இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து அதை வைத்துப் படத் தொடர் எடுத்தார்கள். பிரபலமானவர்கள் பத்திரிகையை விரித்துப் பிடித்திருப்பார்கள், முகமே தெரியாது. கையும் காலும் சுற்றியுள்ள இடமும் மட்டும்தான் அடையாளம். முதல் பக்கத்தில் படம் போடாத பத்திரிகை, தன்னைப் படம் எடுத்தபோதும் முகத்தை மறைத்தே எடுத்தது. வடிவமைப்பு வகுப்புகளில் காட்ட வேண்டிய தொடர்.


கேள்விக்குறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பருவக் கட்டுரைக்கு சேத்தே, டெர்ன் இருவரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அக்கா, அந்தச் சிலுவைப் பத்திரிகை பற்றித் தனி இழை தொடங்க முடியுமா? ஃபோன்டானவின் பொய் லண்டன் கடிதங்கள் பற்றி நிறையக் கேட்க வேண்டும்.


வரலாற்றுக்காரி எழுதியது:

தொடங்குகிறேன், அடுத்த வாரம். உன் கட்டுரைக்கு ஒரு யோசனை: சேத்தேவின் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து ஆடாதே, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். 1952-க்கும் 1955-க்கும் இடையில் அவர் அடெனவர் பற்றி எழுதிய தலையங்கங்களைத் தேடு. ஒரு பழமைவாதி தன் பக்கத்து ஆட்சியையே எப்படிக் கேள்வி கேட்டார் என்பது அங்கே இருக்கிறது.